சனிக்கிழமைகளில் வந்த மின்சாரக் கார்

கார் ஏசி பார்க்கிறவனுக்குப் பாதி வேலை காத்திருப்பதுதான். குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வேக்குவம் பம்பைப் போட்டால் அது பாட்டுக்கு முக்கால் மணி நேரம் ஓடும். அப்புறம் பம்பை நிறுத்திவிட்டு, மீட்டர் முள் நகராமல் நிற்கிறதா என்று இன்னும் அரை மணி நேரம் பார்க்க வேண்டும். முள் நகர்ந்தால் எங்கோ ஒழுகுகிறது. நகராவிட்டால் கேஸ் ஏற்றலாம். அவ்வளவு நேரமும் ஸ்டூலில் உட்கார்ந்து முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பேன். இப்படி என் ஆயுளில் எத்தனை வருஷம் போயிருக்கும் என்று ஒருநாள் யோசிக்க ஆரம்பித்து, பயந்துபோய் நிறுத்திவிட்டேன்.

தொண்ணூறுகளில் சென்னையில் ஒரு பட்டறையில் தொழில் கற்றேன். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் காஞ்சிபுரத்துக்குத் திரும்பி, அரக்கோணம் போகும் சாலையில் தகரக் கொட்டகை ஒன்று போட்டு ஷெட் ஆரம்பித்தேன். அம்மா போய்ச் சேர்ந்தாள். அக்கா அரக்கோணத்தில் வாழ்க்கைப்பட்டவள், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவாள். "இன்னாபா, பொண்ணு பாக்கலாமா?" என்று எங்கள் காலனியில் ரொம்ப நாள் கேட்டார்கள். கேட்டதோடு சரி. நானும் முகம் கொடுத்துப் பேசுகிற ஆள் இல்லை. இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசினால் மூன்றாவது வார்த்தை சண்டையில் முடியும்.

வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் பட்டுக்கடை முதலாளிகள். வண்டியை டிரைவர் கொண்டுவந்து விடுவான், டிரைவரே எடுத்துப் போவான். முகூர்த்த மாதங்களில் வேலை குவியும், ஆடியில் ஈ ஓட்டுவேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை நான் பேசியது டீக்கடையில் "சக்கரை கம்மி" என்ற இரண்டே வார்த்தை என்று இருந்த நாட்கள் உண்டு. அதற்குத் தனிமை என்று பெயர் வைக்கத் தோன்றியதில்லை. சோம்பல் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்தக் கார் வந்தது. வந்தது என்றால் வந்து நின்றதைத்தான் பார்த்தேன். வருகிற சத்தமே கேட்கவில்லை. பச்சை நிறம், இரண்டே கதவு, கோழிக்கூண்டு அளவு. ஓட்டிவந்தவர் சின்னக் காஞ்சிபுரத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர், நெற்றியில் நாமம், கையில் கைக்குட்டை. பெங்களூரில் இருக்கும் மகன் தான் ஓட்டிய வண்டியை அப்பா அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறான். பக்கத்தில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். இறங்கவில்லை.

"கரண்ட்ல ஓடற வண்டிப்பா. ஏசி பார்ப்பியோ?" என்றார் பேராசிரியர்.

"ஏசி எல்லா வண்டிக்கும் ஏசிதான் சார்," என்றேன். ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

மற்ற வண்டிகளில் கம்ப்ரஸரை ஓட்டுவது இன்ஜின். இதில் இன்ஜினே கிடையாது. கம்ப்ரஸருக்கென்று தனியாக ஒரு சின்ன மோட்டார், அதற்குச் சோறு போடுவது சீட்டுக்கு அடியில் வரிசையாக வைத்திருக்கும் பேட்டரிகள். சக்கரம் சுற்றுவதற்கும் அதே பேட்டரிதான். கூடவே ஒரு ஹீட்டரும் வைத்திருந்தார்கள். காஞ்சிபுரத்தில் காருக்கு ஹீட்டர்! கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். அதன் பட்டனை யாரும் தொட்டதாகத் தெரியவில்லை, பட்டன் மேல் எழுத்து புத்தம் புதுசாக இருந்தது.

பட்டு நூலைக் கொதிக்க வைத்துக் கழுவும் இடத்திலிருந்து வாங்கி வைத்திருக்கும் சோப்பைக் கரைத்து, குழாய் இணைப்புகளில் தடவினேன். அந்த நுரை சீக்கிரம் அடங்காது, ஒழுகும் இடத்தில் குமிழ் விட்டுக் காட்டிக்கொடுக்கும். அன்று எங்கும் காட்டவில்லை. கேஸ் குறைந்திருந்தது, ஏற்றினேன்.

கேஸ் ஏற்றியதும் ஒரு பரீட்சை உண்டு. கதவு, கண்ணாடி எல்லாவற்றையும் மூடிவிட்டு, காற்று வரும் துவாரத்தில் தெர்மாமீட்டரைச் செருகி, மெக்கானிக் உள்ளேயே பத்து நிமிஷம் உட்கார வேண்டும். அந்த நேரத்தில் வண்டிக்காரர்கள் வெளியே நிழலில் நிற்பார்கள். பேராசிரியரும் வேப்ப மரத்தடிக்குப் போய்விட்டார். ஆனால் அந்த அம்மாவால் வெளியே நிற்க முடியாது. அவருக்கு நரம்பில் ஏதோ நோய். "உடம்புல வெயில் ஏறினா கால் என் பேச்சைக் கேக்கறதில்லேப்பா. அப்புறம் கையும் கேக்காது. குளுமை இருந்தா நான் மனுஷி," என்றார். இந்த வண்டி வந்த பிறகுதான் வாசற்படி தாண்டுகிறாராம்.

அதனால் நாங்கள் இரண்டு பேரும் மூடிய காருக்குள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். கை நீட்டினால் இடிக்கும். என் உடம்பில் ஆயில் நாற்றம், அவர் புடவையில் கற்பூர வாசனை. அவர்கள் தெருவில் நான் ஒரு வீட்டுக்குள்ளும் போனதில்லை. போகாதே என்று யாரும் சொன்னதில்லை, வா என்றும் சொன்னதில்லை. இங்கே எழுதி வைத்த மாதிரி பத்து நிமிஷம் உட்கார வேண்டியிருந்தது.

"உங்க ஆத்துல யாருப்பா சமைக்கறா?" என்று கேட்டார்.

"நான்தாம்மா. காலையில ஒருவாட்டி ஆக்கி எடுத்துக்கினு வந்துடுவேன்."

"கொழம்பெல்லாம் வெப்பியோ?"

"வெப்பேன். ஆனா எப்பவும் ரெண்டு பேருக்கு வெச்சிடறேன். அம்மா இருக்கசொல்லோ பழகின அளவு."

இதை நான் வேறு யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிவிட்டுத் தெர்மாமீட்டரைப் பார்த்தேன். அவரும் குனிந்து பார்த்தார். "எட்டுக்கு வந்துடுத்து. நல்ல மார்க்," என்றார். சிரித்துவிட்டேன். அன்று ராத்திரி குழம்பு மீந்தபோது எரிச்சல் வரவில்லை.

ஐந்து வாரத்தில் மறுபடி வந்தார்கள், குளுமை குறைந்துவிட்டது என்று. மறுபடி தேடினேன், கிடைக்கவில்லை. மறுபடி பத்து நிமிஷம். மூன்றாம் முறை வந்தபோதுதான் டேஷ்போர்டையே கழற்றி, உள்ளே காற்றைக் குளிரவைக்கும் காயிலுக்குப் போகும் இணைப்பில் ரப்பர் வளையம் கிழிந்திருப்பதைக் கண்டுபிடித்தேன். மாற்றினேன். முள் கல் மாதிரி நின்றது. ஒரு மெக்கானிக்குக்கு அதைவிடச் சந்தோஷம் கிடையாது என்பார்கள்.

பரீட்சை நேரத்தில் அந்த அம்மா, "அப்போ இனிமே உன்னைத் தொந்தரவு பண்ண வேண்டாம், இல்லையா?" என்றார்.

"ஆமாம்மா, இனிமே வர வேணாம்," என்றேன். சொன்ன பிறகும் தெர்மாமீட்டரை உருவ மனசு வரவில்லை. நாற்பது வயதுக்காரனுக்கு, யாரோ ஒரு அம்மா இனி வரமாட்டார் என்பதற்கு இவ்வளவு வருத்தமா என்று என்மேலேயே கோபம் வந்தது.

இறங்கி, முன் மூடியை மூடப் போனேன். கேஸ் ஏற்றும் வாயில், சைக்கிள் டியூபில் இருப்பது போல ஒரு சின்ன பின் இருக்கும். அதை இறுக்கமாகத் திருகினால்தான் கேஸ் வெளியே வராது. திருப்புளியை வைத்து அந்தப் பின்னைக் கால் சுற்று தளர்த்தினேன். காதுக்குக் கேட்காது, கைக்குத் தெரியாது. நுரை தடவினால் நிமிஷத்துக்கு ஒரு குமிழ் வரும், அவ்வளவுதான். மூடியை மூடிவிட்டு, "போயிட்டு வாங்க சார்," என்றேன்.

என்னிடம் அப்போது நியாயம் இருந்தது. பெட்ரோல் வண்டியில் கேஸ் குறைந்தால் என்ன ஆகும்? காற்று கொஞ்சம் சூடாக வரும், முதலாளி திட்டுவார். பதினைந்து வருஷத்தில் என் கைக்குத் தெரிந்த கெடுதல் அவ்வளவுதான். அவர்களிடம் இனி காசு வாங்கப் போவதில்லை, கேஸ் என் செலவு. யாருக்கு நஷ்டம் என்று கேட்டுக்கொண்டேன். வேலியே பயிரை மேய்ந்தால் அதுவும் இப்படித்தான் ஏதாவது நியாயம் சொல்லும்.

அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை வந்தார்கள். வெள்ளிக்கிழமையே ஷெட்டைக் கூட்டிவிடுவேன். சட்டை துவைத்துப் போடுவேன். அந்தப் பத்து நிமிஷத்தை நான் இருபதாக்கினேன், அப்புறம் அரை மணி. மருமகளின் தொலைபேசிக் குரலை அந்த அம்மா அப்படியே பேசிக் காட்டுவார். வைகாசி கருட சேவைக்கு இந்தக் கார் கண்ணாடி வழியாகவே பெருமாளைப் பார்த்ததைச் சொல்வார். "நடுவுல ஒரு காக்கா எச்சம் வேற, கண்ணாடில. பெருமாள் அதுக்கு அந்தண்டை குடையோட போறார்." நான் அக்காவைப் பற்றி, சென்னைப் பட்டறையைப் பற்றி, அம்மா கடைசி மாதம் என்னை அடையாளம் தெரியாமல் "யாருப்பா நீ?" என்று கேட்டதைப் பற்றிச் சொன்னேன். அவர் குளிர்காற்று வரும் துவாரத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

மறு வருஷம் பங்குனியில் அவர் ஒரு சேதியோடு வந்தார். கூரத்தில் அவருடைய அண்ணாவுக்குச் சதாபிஷேகம். கூரம் அவர் பிறந்த ஊர், என் ஷெட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். போய் நாலு வருஷம் ஆகிறது. வாடகைக் கார்க்காரன் வண்டி நின்றதும் ஏசியை அணைத்துவிடுவான். இந்த வண்டி என்றால் வாசலிலேயே நிறுத்தி, ஏசியைப் போட்டுக்கொண்டு எத்தனை நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கலாம். புகையும் கிடையாது, சத்தமும் கிடையாது.

"உள்ளே போக முடியாட்டாலும் பரவாயில்லே. வாசல்ல கார்லயே இருந்தா எல்லாரும் வந்து பார்ப்பா. அண்ணாவை ஒரு தடவை பார்த்துட்டேன்னா போறும். இந்த வண்டி தாங்குமாப்பா?"

போக வர இருபத்தைந்து கிலோமீட்டர்கூட இல்லை. "தாராளமா போய்ட்டு வாங்கம்மா. நான் இருக்கறேன்," என்றேன். கேஸை நிறைத்தேன். பேட்டரி பழசு என்று தெரியும், இருந்தாலும் அந்தத் தூரத்துக்குப் போதும். மூடியை மூடும்போது கை தானாகப் போய் அந்தப் பின்னைக் கால் சுற்று தளர்த்தியது. யோசித்துச் செய்திருந்தால் அன்றைக்காவது செய்திருக்க மாட்டேன். பழகிப்போன கை யோசிப்பதில்லை.

விசேஷம் சித்திரையில், மூன்று வாரம் கழித்து. மத்தியானம் ஒரு மணி இருக்கும். ஷெட் போன் அடித்தது. பேராசிரியர்தான், கூரத்துச் சாலையில் ஏதோ ஒரு கடையிலிருந்து பேசினார்.

"வண்டி நின்னுடுத்துப்பா. அவளுக்கு முடியலே. சீக்கிரம் வா."

போனை வைக்கும்போதே என்ன நடந்திருக்கும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கேஸ் நிறைந்திருந்தால் உள்ளே குளிர்ந்ததும் மோட்டார் நின்று ஓய்வெடுக்கும், மறுபடி சூடேறினால்தான் ஓடும். கேஸ் குறைந்தால் எவ்வளவு ஓடினாலும் குளிராது. குளிராததால் மோட்டார் நிற்கவே நிற்காது. அண்ணா வீட்டு வாசலில் மூன்று மணி நேரம் அந்த மோட்டார் விடாமல் ஓடி, பேட்டரியைத் தின்று தீர்த்திருக்கிறது. பெட்ரோல் வண்டியில் என்னுடைய கால் சுற்று வியர்க்கத்தான் வைத்திருக்கும். இதில் அது வீட்டுக்குத் திரும்பும் வழியையே தின்றுவிட்டது. இத்தனை மாதம் அந்த வண்டியைக் கழற்றி மாட்டியவனுக்கு இது தெரியவில்லை.

சோடாக் கடையில் ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி வாங்கிக்கொண்டு, தெரிந்த ஆட்டோக்காரரைப் பின்னால் வரச்சொல்லி, என் டிவிஎஸ்ஸில் போனேன். கார் வயல் நடுவே நின்றது. பக்கத்தில் ஒற்றைப் பனைமரம், அதன் நிழல் ஒரு ஆளுக்குக்கூடக் காணாது. இரண்டு கதவும் திறந்திருக்க, பேராசிரியர் அழைப்பிதழால் விசிறிக்கொண்டிருந்தார். அந்த அம்மா பட்டுப்புடவையோடு சீட்டில் சரிந்திருந்தார். கண் திறந்திருந்தது. கை மடியில் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி கிடந்தது.

ஐஸில் நனைந்த துண்டை நெற்றியில் வைத்தேன். அப்புறம் குனிந்து, இரண்டு கையாலும் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்தேன். தொடலாமா என்று நான் கேட்கவில்லை. எடையே இல்லை. வாய் குழறியபடி, "அண்ணாவைப் பார்த்துட்டேன்பா," என்றார். "நீ வந்துட்டியே," என்றார். அந்த இரண்டாவது வார்த்தையைக் கேட்டபோது சாலையிலேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. ஆட்டோ போன பிறகு அழுதேன்.

ஒரு டிராக்டரைப் பிடித்துக் காரை ஷெட்டுக்கு இழுத்துவந்தேன். அன்றைக்கே அந்தப் பின்னைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு போட்டேன். இறுக்கினேன், மேலே மூடியும் போட்டேன். கேஸை நிறைத்து, ராத்திரி முழுக்க அப்படியே விட்டு, காலையில் நுரை தடவிப் பார்த்தேன். ஒரு குமிழ்கூட வரவில்லை.

ஒரு மாதம் கழித்து, எழுந்து உட்காரும் அளவுக்குத் தேறியதும், இருவரும் ஆட்டோவில் வந்தார்கள், காரை எடுத்துப்போக. வழக்கம்போல அவரைக் காருக்குள் உட்கார வைத்து, தெர்மாமீட்டரைச் செருகிவிட்டு நானும் உட்கார்ந்தேன். இந்த முறை பேராசிரியர் மரத்தடிக்குப் போகவில்லை, பின் சீட்டில் முழங்கால் இடிக்க நுழைந்துகொண்டார்.

"அன்னிக்கு நீ மட்டும் வரலேன்னா என்ன ஆயிருக்கும்! என் புள்ளைகிட்ட சொன்னேன், கடவுள் மாதிரி வந்தான்னு," என்றார்.

அதுவரை சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். கடவுள் என்றதும் வாயில் நிற்கவில்லை.

"சார், கேஸ் தானா ஒழுகல. நான்தான் பின்னை லூஸ் பண்ணி வெச்சேன். போன வருஷத்துலேர்ந்து ஒவ்வொரு வாட்டியும்."

காருக்குள் சின்ன மோட்டாரின் சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் குளிர்ந்ததும் நின்றுவிட்டது.

அந்த அம்மாதான் கேட்டார். "ஏன்பா?"

"வண்டி சரியா இருந்தா நீங்க வர மாட்டீங்களேம்மா."

அவர் என்னைப் பார்க்கவில்லை, கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்தார். "கூப்பிட்டிருந்தா வந்திருப்போமே," என்றார்.

கோபமாகச் சொன்னாரா, பாவம் என்று சொன்னாரா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எனக்கு அப்போது அது அழைப்பாகத்தான் கேட்டது. முட்டாள்தனமாக, "அப்போ வர்ற சனிக்கிழமை வாங்கம்மா. வண்டி வேலைக்கு இல்ல, சும்மா," என்றேன்.

"வரேன்பா," என்றார்.

நான் இறங்கியதும் பேராசிரியர் முன்னால் வந்து உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனார்.

அந்தச் சனிக்கிழமைக்கு இரண்டு நாற்காலி வாங்கினேன். அந்த அம்மா இறங்க மாட்டார் என்று தெரிந்தும் இரண்டு வாங்கினேன். தரையைக் கழுவினேன். நாலு மணியிலிருந்து வாசலிலேயே நின்றேன். மற்ற வண்டி என்றால் உள்ளே வேலை செய்துகொண்டே சத்தத்தில் தெரிந்துகொள்ளலாம், இதைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். ஐந்து மணி வாக்கில் உள்ளே போன் அடித்தது. அக்காவோ யாரோ என்று போய் எடுத்தேன். ராங் நம்பர். வைத்துவிட்டுத் திரும்பினால், பச்சைக் காரின் பின்பக்கம் கூரத்துப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. அண்ணாவைப் பார்க்கப் போகிறார்கள்.

எனக்குக் கோபம் வந்தது, மறைப்பானேன். சாதி என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பின்னைத் தளர்த்தியவனிடம் யார் மறுபடி பெண்டாட்டியைக் கூட்டிவருவான் என்று அடுத்த நிமிஷம் நினைத்தேன். இரண்டில் எது என்று பிரித்துச் சொல்ல அன்றும் முடியவில்லை, இன்றும் முடியவில்லை. ஒருவேளை போன் அடித்த நேரத்தில் ஷெட் முன்னால் கொஞ்சம் தயங்கி, ஆளைக் காணாமல் போயிருப்பார்களோ என்றும் நினைத்தேன்.

சாலைக்கு இறங்கினேன். ஏசி ஒழுங்காக வேலை செய்கிற வண்டி, உள்ளிருக்கும் ஈரத்தைத் தண்ணீராக்கி அடியில் சொட்டவிட்டுக்கொண்டே போகும். சூடான தாரின் மேல் அந்தச் சொட்டுகள் வரிசையாக இருந்தன, ஓரத்திலிருந்து காய ஆரம்பித்திருந்தன. வண்டி மெதுவானால் சொட்டுகள் நெருங்கி விழும், நின்றால் ஒரே இடத்தில் குட்டையாகத் தேங்கும். காய்வதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று ஷெட்டுக்கு முன்னால் குனிந்து, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். எல்லாச் சொட்டும் ஒரே இடைவெளியில் விழுந்திருந்தன.